உள்ளிருந்து வந்த தண்ணீர்

ஜனவரி 20, திங்கள்

இராமநாதபுரத்து டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். என்ன சாப்பிட்டேன், நெஞ்சு எப்போது எரிந்தது, எரியும்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்று தினமும் எழுதி, மதுரைக்குப் போகும்போது கொண்டுபோக வேண்டுமாம். புது வருஷத்துக்குப் பங்குச் சாமியார் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. பத்தாவது வரை படித்தவள் நான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று சிஸ்டர்களிடம் பேர் வாங்கியவள். அப்புறம் பேனாவுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

காலை: கட்டன் காபி, இரண்டு பன். எரிச்சல் இல்லை.
மதியம்: சோறு, சூடை மீன் குழம்பு. குனிந்து சட்டி கழுவும்போது எரிந்தது.
சாயங்காலம்: ஒன்றும் சாப்பிடவில்லை. இருந்தும் எரிந்தது.

கடலுக்குப் போகவில்லை. காற்று.

ஜனவரி 22, புதன்

புட்டு. எரிச்சல். காற்று.

ஜனவரி 24, வெள்ளி

என் வீட்டுக்காரர் மிக்கேல், எழுதியதை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்.

"காத்தா? எங்கிட்டு அடிக்குது காத்து? கொடியில கிடக்குற சேலை அசையக் காணோம்."

விசைப்படகில் போகிறவர்களுக்கு வேறு காற்று, எங்களுக்கு வேறு காற்று என்று சொன்னேன். நம்பவில்லை. வாசலில் பிலோமினா மதினியின் குரல் கேட்டதும் நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். வெங்காயம் உரிக்க வேண்டியிருந்தது.

டாக்டர் படிப்பார் என்பதால் விவரமாகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பாம்பனில் கடல்பாசி எடுக்கிற பொம்பளைகள். விடிந்ததும் வள்ளத்தில் கிளம்புவோம். கடலுக்கு அடியில் இருக்கும் பாறைத் திட்டைப் பார் என்போம். பார் வந்ததும் கண்ணாடியை மாட்டி, மூச்சைப் பிடித்துத் தலைகீழாக இறங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைப் பிய்த்து இடுப்புப் பையில் அடைத்துக்கொண்டு மேலே வருவோம். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி இறங்குவோம். மத்தியானம் வரைக்கும் இதே வேலைதான். பிலோமினா என் அண்ணன் பொண்டாட்டி. எனக்குக் கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து கடலில் எனக்கு ஜோடி. இப்போது அவரோடு பேச்சுவார்த்தை கிடையாது.

காரணம் டாக்டருக்குத் தேவையில்லை.

ஜனவரி 27, திங்கள்

இட்லி இரண்டு. எரிச்சல் கொஞ்சம். நிமிர்ந்து உட்கார்ந்தால் தேவலை. படுத்தால் கழுத்து வரை வருகிறது. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து தூங்குகிறேன். வீட்டில் இருப்பதே மூன்றுதான். வீட்டுக்காரர் கையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொள்கிறார்.

நெஞ்செரிச்சல் எனக்குப் புதிதல்ல. பாசிக்குப் போகிற எவளுக்கும் எரியத்தான் செய்யும். முங்கும்போது கடல் தண்ணீர் கொஞ்சம் உள்ளே போகும், உப்பு நெஞ்சைக் காந்தும், கருப்பட்டி ஒரு துண்டு கடித்தால் அடங்கும். என் அம்மா அப்படித்தான் சொன்னாள். வள்ளத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். இதற்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் பாதி ஊர் போக வேண்டும்.

மார்கழிக் கடைசியில் பாரில் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் குடித்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. மதினி அதைப் பெரிய கதையாக்கி என் வீட்டுக்காரரிடம் சொல்லி, அவர் பயந்து, என்னை டாக்டரிடம் இழுத்துப்போய், இப்போது நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி டைரி எழுதுகிறேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத பொம்பளை.

பிப்ரவரி 3, திங்கள்

மதுரை. வீட்டுக்காரர் படகு கடலில் இருக்கிறது. அதனால் துணைக்கு மதினிதான் வந்தார். பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மானாமதுரை தாண்டியதும் ஒரு கொய்யாவை நறுக்கி நீட்டினார். வாங்கிக்கொண்டேன். கொய்யாவோடு எனக்கு என்ன சண்டை?

டாக்டர் பெயர் மங்கையர்க்கரசி. என்னைவிட இளையவர். வாய் வழியாகக் காமிரா விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயின் அடிப்பகுதி வெந்துபோய் இருக்கிறதாம். டாக்டர் இந்த டைரியை முழுக்கப் படித்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு படித்தார். பிறகு கேட்டார்.

"அன்னைக்குப் பாருல என்ன நடந்துச்சும்மா?"

"கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டேன் டாக்டர்."

"வாயத் தொறந்தீங்களா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை வருஷம் முங்குகிறவள், தண்ணீருக்குள் வாயைத் திறப்பேனா? பல்லைக் கடித்துக்கொண்டுதான் இறங்குவோம்.

"அப்ப மூக்கு வழியா போச்சா?"

"கண்ணாடி மூக்கையும் சேத்து மூடியிருக்கும்."

"வாயும் மூடியிருக்கு, மூக்கும் மூடியிருக்கு. தண்ணி எங்கிட்டு இருந்து வந்துச்சு?"

அவர் அடுத்ததாக ஒன்று கேட்டார். அதை இப்போது எழுதும்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

"தொண்டைக்கு வந்தது உப்பா இருந்துச்சா, புளிப்பா இருந்துச்சா?"

புளிப்பு. புளிப்பும் கசப்பும். கடல் எங்கே புளிக்கும்? பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரை நாக்கில் பார்க்கிற எனக்கு, இது கடல் இல்லை என்று ஒரு நாளாவது தோன்றியிருக்க வேண்டாமா? அம்மாவுக்குத் தோன்றவில்லை. வள்ளத்தில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. அத்தனை பேரும் சேர்ந்து கடல் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு மறைக்க முடியவில்லை. சொன்னேன். தலைகீழாக இறங்கிப் பாறையில் கை வைத்த நேரத்தில், வயிற்றிலிருந்து ஒரு வாய் தண்ணீர் கிளம்பித் தொண்டையை அடைத்தது. இருமல் வந்தது. தண்ணீருக்குள் இரும முடியாது. இருமினால் கடல் உள்ளே வந்துவிடும். எது மேலே எது கீழே என்று தெரியாமல் போனது. யாரோ முடியைப் பிடித்து இழுத்தார்கள். கண் விழித்தபோது வள்ளத்தில் குப்புறக் கிடந்தேன். மதினி என் முதுகில் அறைந்து அறைந்து மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கதவுக்கு வெளியே மதினி உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும். அதனால் மெதுவாகத்தான் சொன்னேன்.

பிப்ரவரி 5, புதன்

ஆஸ்பத்திரி வார்டு. நாளைக்கு இன்னொரு சோதனை. டாக்டர் சொன்னதைப் புரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

உணவுக்குழாய் என்பது சும்மா ஓர் ஓட்டைக் குழாய் இல்லை. சுற்றிலும் தசை. நாம் விழுங்கினால் மேலே இருந்து கீழே வரைக்கும் வரிசையாகச் சுருங்கி, சோற்றை வயிற்றுக்குள் தள்ளிவிடும். வயிற்று வாசலில் வளையம் போல ஒரு தசை. சோறு வரும்போது திறந்து, போனதும் மூடிக்கொள்ளும். வயிற்றுப் புளிப்பு எல்லாருக்குமே அவ்வப்போது கொஞ்சம் மேலே ஏறுமாம். ஏறினாலும் குழாய் உடனே சுருங்கித் திரும்பக் கீழே தள்ளிவிடும். நமக்குத் தெரியவே தெரியாது.

"உங்களுக்கு வாசல் தளர்ந்து போச்சு. புளிப்பு ஏறுது. ஏறுனதைத் தள்ளிவிடுற தசையும் சோம்பேறியா இருக்கோன்னு எனக்குச் சந்தேகம். அதத்தான் நாளைக்குப் பாக்கணும்."

"மாத்திரை குடுத்தா போதாதா டாக்டர்?"

"மாத்திரை புளிப்பக் குறைக்கும். தண்ணி மேல ஏறுறத நிறுத்தாது. கரையில இருக்குறவங்களுக்கு அது போதும். தலைகீழா இறங்குற உங்களுக்குப் போதாது."

வாசலை இறுக்க ஆபரேஷன் உண்டு. வயிற்றின் மேல்பகுதியை எடுத்துக் குழாயின் அடியில் சுற்றித் தைப்பார்களாம். ஆனால் இறுக்கிய வாசலைத் தாண்டிச் சோறு இறங்க வேண்டுமானால், தள்ளுகிற தசைக்குப் பலம் வேண்டும். பலம் இல்லாதவளுக்கு இறுக்கினால் சோறு வாசலிலேயே நின்றுவிடும்.

"பலம் இல்லன்னா?"

"ஆபரேஷன் கிடையாது. கடலுக்குள்ள இறங்குறத விட்டுறணும்மா."

நல்லது என்று சொல்லிவிட்டு வந்தேன். பாம்பனில் முங்கத் தெரியாத பொம்பளைகளும் இருக்கிறார்கள், கருவாடு காயப்போட்டுப் பிழைக்கிறார்கள். ஒன்றும் குடி முழுகிவிடாது.

மதியம் வாங்கிய தயிர்சாதம் இறங்கவில்லை. மதினிக்குக் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

இன்றைக்கு நான் பார்த்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

சோதனை செய்தவர் சையது என்கிற தம்பி. நூடுல்ஸ் மாதிரி மெல்லிய குழாய் ஒன்றை மூக்கு வழியாக வயிறு வரைக்கும் இறக்கினார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. குழாய் நெடுகத் தசையின் அழுத்தத்தை அளக்கும் பொட்டுகள் இருக்கின்றனவாம். மல்லாக்கப் படுக்க வைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் வாயில் ஒரு மடக்குத் தண்ணீர் விட்டார்.

"ஒரே ஒரு தடவ முழுங்கணும் அக்கா. முழுங்கிட்டு நான் சொல்ற வரைக்கும் சும்மா இருக்கணும்."

முழுங்கினேன். உடனே இன்னொரு தடவையும் முழுங்கிவிட்டேன்.

"ரெண்டு தடவ முழுங்கிட்டீங்க. கணக்குல சேராது."

மறுபடி. மறுபடியும் அதே தப்பு. நான் என்ன செய்ய? வள்ளத்தில் எல்லாருக்கும் ஒரே தண்ணீர்க் கேன். எச்சில் படாமல் அண்ணாந்து, கடகடவென்று ஊற்றிக் குடித்துத்தான் பழக்கம். ஒரு மடக்கு குடித்துவிட்டுத் தவம் இருப்பதை நான் வாழ்க்கையில் செய்ததில்லை. சையது தம்பிக்குப் பொறுமை ஜாஸ்தி. "பாம்பன்காரங்க எல்லாரும் இப்படித்தான் அக்கா" என்று சிரித்தார். பிறகு எப்படியோ பிடிபட்டது.

பத்து மடக்கு முடிந்ததும் டாக்டர் வந்து, திரையை என் பக்கம் திருப்பினார். முதலில் வேறு யாரோ நல்ல உடம்புக்காரரின் படம். நீலப் பின்னணியில், மேலே இடது ஓரத்தில் தொடங்கிக் கீழே வலது ஓரம் வரை சரிவாக ஒரு பட்டை. பச்சை, மஞ்சள், நடுவில் சிவப்பு. தசை அழுத்தமாகச் சுருங்கும் இடம் சிவப்பு. ஒரு மடக்குத் தண்ணீருக்குள் இவ்வளவு அழகா என்று வாய் பிளந்தேன், மூக்கில் குழாயோடு.

பிறகு என்னுடையது. பட்டை கிளம்புகிறது, பாதியில் அறுந்து போகிறது. அடுத்ததில் வெளுத்த பச்சை, அதுவும் திட்டுத் திட்டாக. மூன்று மட்டும் முழுதாக வந்திருந்தன. மீதி ஏழும் ஏழை வீட்டுக் கூரை மாதிரி.

"பலம் இல்ல" என்றேன். அவர் சொல்லும் முன் நானே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"இன்னொண்ணு பாக்கி இருக்கும்மா. இப்ப நீங்க குடிக்கிற மாதிரியே குடிக்கலாம். அஞ்சு மடக்கு, நிறுத்தாம கடகடன்னு முழுங்குங்க. அடுத்தடுத்து முழுங்கும்போது குழாய் சுருங்காது. வழியத் தொறந்து விட்டுட்டுக் காத்துக்கிட்டு இருக்கும். கடைசி மடக்கு வந்ததும் மொத்தத்தையும் சேத்துத் தள்ளும். தள்ளுதான்னு பாப்போம்."

சையது தம்பி தண்ணீர் விட்டார். முழுங்கினேன், முழுங்கினேன், முழுங்கினேன். திரை முழுக்க நீலம். அடியில் இருந்த வாசலும் திறந்து நீலமாகிவிட்டது. ஒன்றுமே நடக்கவில்லை. ஐந்தாவதும் போய்விட்டது. அப்போதும் நீலம். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். கருவாட்டுக்கு உப்பு வாங்க வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

அப்போது அது கிளம்பியது. மேலே ஒரு மஞ்சள் புள்ளி. அது சிவந்து, அகன்று, எங்கேயும் அறுபடாமல் சரிந்து சரிந்து கீழே வரைக்கும் இறங்கிற்று. அந்த நல்ல உடம்புக்காரரின் பட்டையைவிட அகலம். திரையில் அது ஓடும்போதே என் நெஞ்சுக்குள்ளும் ஓடியது. நான் ஒன்றும் செய்யவில்லை. சொல்லவில்லை, கேட்கவில்லை. நான் பிறந்த அன்று பால் குடித்ததிலிருந்து எனக்குள் இது ஓடிக்கொண்டிருக்கிறது, நானோ சோறு தானாக இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் மேஜையைத் தட்டினார். "இருக்கு! வேலைதான் செய்யல, பலம் உள்ள இருக்கு. முழுசாச் சுத்த வேணாம். பின்பக்கம் மட்டும் பாதி சுத்தித் தைக்கலாம். சோறும் இறங்கும், புளிப்பும் ஏறாது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கில் குழாய் இருக்கும்போது அழக் கூடாது என்று எந்த டாக்டரும் சொல்வதில்லை. மிகவும் கஷ்டம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஊருக்கு வந்துவிட்டேன். ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று வீட்டுக்காரர் சொல்கிறார். அவர் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து தொண்டையையே பார்க்கிறேனாம். பார்க்கத்தான் செய்கிறேன். கவளம் தொண்டைமுடிச்சைத் தாண்டியதும், இதோ சிவப்பு கிளம்பிவிட்டது, இதோ பாதி தூரம், இதோ வாசல் திறக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. பாவம், குழம்பில் உப்பு இல்லை என்கிறார்.

பக்கத்து வீட்டு ஆடு வாளியில் தலையைக் கவிழ்த்துத் தண்ணீர் குடித்தது. தண்ணீர் கழுத்து வழியாக மேலே அல்லவா ஏற வேண்டும்? ஏறுகிறது! அந்தத் தசை தள்ளுகிறது! ஆட்டின் பக்கத்தில் நெடுநேரம் நின்றேன். பூசைக்குப் போனால் நன்மை அப்பம் வாங்கும் வரிசையில் ஒவ்வொருத்தர் தொண்டையாகப் பார்க்கிறேன். ஆண்டவர் மன்னிக்கட்டும். அவர் செய்த வேலையைத்தான் பார்த்து மலைத்து நிற்கிறேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

ஆபரேஷன் முடிந்தது. வயிற்றில் ஐந்து சின்ன ஓட்டைகள். கஞ்சித் தண்ணீர் மட்டும். முதல் மடக்கு இறங்கும்போது பயத்தில் மதினியின் கையைப் பிடித்துவிட்டேன். வாசலில் கொஞ்சம் நின்றது. பிறகு போனது.

"போயிருச்சா?" என்றார் மதினி.

"போயிருச்சு."

பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டதாக இதை யாரும் நினைக்க வேண்டாம்.

மார்ச் 5, சாம்பல் புதன்

சாமியார் நெற்றியில் சாம்பல் பூசினார். இந்தத் தவக்காலத்தில் எனக்கு ஒருசந்தி நோன்பு தனியாக வேண்டாம். கஞ்சியும் மசித்த உருளைக்கிழங்குமே ஒருசந்திதான். எரிச்சல் இல்லை. ஏப்பமும் வரவில்லை. வாசலை இறுக்கியதில் வர மாட்டேன் என்கிறது.

பாசி காயப்போடும் இடத்துக்கு மெதுவாக நடந்து போனேன். எல்லாருடைய குவியலும் உயரமாக இருந்தது. மதினியின் குவியல் மட்டும் ஒரு கூடைகூடத் தேறாது. அதிலும் பாதி கரையில் ஒதுங்கிய பாசி. பிள்ளைகள் பொறுக்குவார்களே, அது.

"என்ன மதினி, கைக்கு வாதம் வந்துருச்சா?" என்று கேட்டேன்.

"வயசாகுதுல்ல" என்றார்.

நாற்பத்தெட்டு ஒரு வயசா? சோம்பேறி என்று திட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது, வலை பின்னிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"மார்கழியில உன்னய இழுத்துப் போட்டதுல இருந்து அது பாருல முங்கவே இல்ல. வள்ளத்துல போகும், இறங்காது. கரைக்குத் திரும்பி இடுப்பளவு தண்ணியில நின்னு பொறுக்கிக்கிட்டு வரும். உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிருச்சு."

சத்தியத்தை மீறியதற்கு அவரைத் திட்டினேன். வேறு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. நான் கடலுக்குப் போகாத நாளுக்கெல்லாம் இந்த டைரியில் காற்று என்று எழுதியிருக்கிறேன். காற்றே இல்லை. பயம். எனக்கும் பயம், மதினிக்கும் பயம். நான் செத்துப்போகப் பார்த்ததை நான் பார்க்கவில்லை. அவர் பார்த்திருக்கிறார். அவரிடம்தான் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

பாஸ்கா, உயிர்ப்புத் திருநாள். நண்டு சாப்பிட்டேன். மென்று, மென்று, மென்று. இறங்கிவிட்டது. அல்லேலூயா.

ஜூன் 16, திங்கள்

மதுரையில் டாக்டர் பார்த்துவிட்டு, இனி இறங்கலாம் என்றார். வெறும் வயிற்றோடு, முதலில் ஆழம் இல்லாத இடத்தில். தனியாக மட்டும் போகக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

ஜூலை 9, புதன்

கடல் குளம் மாதிரி கிடந்தது. காற்று என்று எழுத வழியில்லாத நாள்.

மதினி வீட்டு வாசலில் போய் நின்றேன். "வாங்க மதினி, பாருக்குப் போவோம்" என்றேன். என் முகத்தையே பார்த்தார். உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தார்.

பாரில் வள்ளம் நின்றது. மற்றவர்கள் குதித்தார்கள். நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் கிடந்தேன். மூச்சைப் பிடித்துத் தலையைக் கவிழ்த்தேன். கால்கள் மேலே போயின. காது அடைத்தது. கட்டைக்கோரைப் பாசி ஆள் உயரத்துக்கு வளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. பாறையில் கை வைத்தேன். அந்த இடம்தான், அந்த நேரம்தான். இப்போது வரும் என்று காத்திருந்தேன்.

வரவில்லை. வயிறு வயிறாகவும் தொண்டை தொண்டையாகவும் இருந்தன. உள்ளே இருந்த வாசல் மூடியே இருந்தது. சுற்றிலும் இவ்வளவு பெரிய கடல், எனக்குள் விரல் அகலத்தில் ஒரு வாசல். அது மூடியிருப்பதால் நான் இங்கே தலைகீழாக நிற்கிறேன். பாசியைப் பிய்க்க மறந்துவிட்டேன். மூச்சு முட்டியபோதுதான் ஞாபகம் வந்தது. ஒரு பிடி பிய்த்துக்கொண்டு மேலே வந்தேன்.

மதினி தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருந்தார். முகம் தண்ணீருக்குள். பை காலி.

"நீங்க இறங்கலயா?"

அவர் முகத்தைத் தூக்கினார். கண்ணாடிக்குள்ளே தண்ணீர். கடல் தண்ணீர் இல்லை.

"நீ வெளிய வரணும்ல" என்றார்.

எனக்கு நெஞ்சு அடைத்தது. டாக்டருக்காகத் தொடங்கிய டைரி இது, ஆகையால் உள்ளதை எழுதுகிறேன்: இந்த அடைப்புக்கும் உணவுக்குழாய்க்கும் சம்பந்தம் இல்லை. ஒரு கையால் அவர் தோளைப் பிடித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, நானே மாட்டிவிட்டேன்.

"நான் வெளிய வந்துட்டேன் மதினி. இப்ப நீங்க போங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

மதினி ஒரு பெரிய மூச்சு எடுத்துத் தலைகீழாக இறங்கினார். நான் முகத்தைத் தண்ணீரில் வைத்து, அவர் பாசிக்குள் போவதையும் கை நீட்டுவதையும் பார்த்துக்கொண்டே கிடந்தேன். அவர் திரும்பி மேலே வரும் வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை.